தீவுக்காரன் மலைக்குப் போகிறான்

புங்குடுதீவில் பிறந்தவனுக்கு உயரம் என்றால் பனைமரத்தின் உயரந்தான். எங்கள் தீவில் மலையில்லை, குன்றில்லை, சைக்கிளை விட்டிறங்கித் தள்ளவேண்டிய ஓர் ஏற்றங்கூட இல்லை. கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரத்தில் தட்டையாகக் கிடக்கும் இந்த நிலத்திலிருந்து, 5,416 மீற்றர் உயரமான ஒரு கணவாயைக் கால்நடையாகக் கடப்பதற்கு அறுபதைத் தாண்டிய இருவர் ஆயத்தமாகி வருகிறோம். ஒருவன் நான். மற்றவர் என்னோடு ஒரே வாங்கிலிருந்து படித்தவர்; 1991 ஆம் ஆண்டு இடப்பெயர்வுக்குப் பின்னர் சுவிற்சர்லாந்து சென்று அங்கேயே வாழ்பவர்.

அந்தக் கணவாயின் பெயர் தொரோங் லா. நேபாளத்தில் அன்னபூர்ணா மலைத்தொகுதியைச் சுற்றிச் செல்லும் நடைவழியின் மிக உயர்ந்த இடம் அது. அதைக் கடந்து மறுபக்கம் இறங்கினால் முக்திநாத். 108 திவ்விய தேசங்களுள் ஒன்றான திருச்சாளக்கிராமம் இதுவென்று வைணவர் கொள்வர். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். திபெத்தியப் பௌத்தருக்கும் புனிதமானது. சைவர்களாகிய நீங்கள் கயிலாயத்துக்கல்லவா போகவேண்டும் என்று கேட்பீர்கள். கயிலாயம் சீன ஆட்சியின் கீழுள்ள திபெத்தில் இருக்கிறது. சிறப்பு அனுமதியும் அங்கீகாரம் பெற்ற நிறுவனமொன்றின் ஏற்பாடும் இல்லாமல் வெளிநாட்டவர் அங்கே நடமாட முடியாது. எங்கள் விருப்பமோ, பெருங்கூட்டத்தோடு சேராமல், எங்கள் கால்களின் வேகத்துக்கு நாங்களே திட்டமிட்டு நடப்பது.

நான் தொரோங் லாவைத் தெரிந்தெடுத்தமைக்கு ஒரு பத்திரிகைக்காரனின் காரணமும் உண்டு. 2014 ஒக்டோபரில் வங்காள விரிகுடாவில் ஹூட்ஹூட் என்ற சூறாவளி வலுப்பெற்று, 12 ஆம் திகதி விசாகப்பட்டினத்தின் அருகே கரை கடந்தது. அந்தச் செய்தியை எழுதி முடித்து இரண்டு மூன்று நாட்களுக்குள் அதே காற்றின் இரண்டாவது செய்தி நேபாளத்திலிருந்து வந்தது. வலுக்குன்றி வடக்கே நகர்ந்த அந்தச் சூறாவளியின் மிச்சம் இமயத்தில் மோதி, 14 ஆம் திகதி பெரும் பனிப்புயலாகக் கொட்டியது. தொரோங் லாவைச் சூழ்ந்த பகுதிகளில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெளிநாட்டு நடைப்பயணிகள், நேபாள வழிகாட்டிகள், சுமைகாரர், யாக் மேய்த்தவர் என்று எல்லா வகையினரும் அதிலிருந்தனர். கணவாயைத் தாண்டி முக்திநாத்தை நோக்கி இறங்கும் வழியில், கண் தெரியாத பனியில் பாதை தவறியவர் பலர்.

எங்கள் கடலில் பிறக்கும் காற்று, கடலையே காணாத ஒரு மலைப்பாதையில் மனிதரைக் கொல்லும் என்பது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொன்னால் வள்ளங்களைக் கரையேற்றும் ஊரில் வளர்ந்தவன் நான். அந்த மலையிலும் அதே வானிலை அறிக்கையைத்தான் கேட்கவேண்டும் என்று அறிந்த நாளிலிருந்து, அந்த இடத்தைக் காலால் காணவேண்டும் என்ற எண்ணம் மனத்தில் தங்கிவிட்டது.

எண்ணம் தங்குவது எளிது. உடம்பு இணங்குவது வேறு. கடந்த எட்டு மாதங்களாக நான் செய்துவரும் பயிற்சியை இங்கே சொல்கிறேன். என்னைப் போன்ற வயதினருக்கு உதவக்கூடும்.

புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கும் வாணர் தாம்போதி ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர் நீளம். இருபுறமும் பரவைக் கடல். ஒதுங்க ஒரு மரமில்லை. கொழும்பிலிருந்து ஊருக்கு வரும் காலங்களில், விடியற்காலையில் முதுகுப்பைக்குள் எட்டுக் கிலோ அரிசியையும் இரண்டு போத்தல் தண்ணீரையும் வைத்துக்கொண்டு தாம்போதியின் அந்தம் வரை சென்று மீள்கிறேன். சோளகம் வீசும் மாதங்களில் காற்று ஆளைப் பக்கவாட்டில் தள்ளும். மூன்றாம் வாரத்தில் கால் பழகியது. ஆறாம் வாரத்தில் சப்பாத்தும் பழகியது. புதுச் சப்பாத்தோடு மலைக்குப் போகலாகாது என்பது எல்லோரும் சொல்லும் புத்தி. அது சரியான புத்திதான்.

சமதரையில் எவ்வளவு நடந்தாலும் முழங்காலுக்கு இறக்கம் தெரியாது. கணவாயிலிருந்து முக்திநாத்துக்கு ஒரே நாளில் ஏறக்குறைய 1,600 மீற்றர் இறங்கவேண்டும். ஆகவே மாசியில் சிவனொளிபாதமலைக்குப் போனேன். உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணிப் பக்கமாக ஏறினால் 5,000க்கும் மேற்பட்ட படிகள். ஏறும்போது மூச்சு வாங்கியது. இறங்கும்போதோ ஒவ்வொரு படியும் முழங்காலில் கேட்டது. இரண்டு கைகளுக்கும் ஊன்றுகோல் வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன்.

ஆனால் இந்தப் பயிற்சிகளால் ஆகாத ஒன்று உண்டு. இலங்கையின் மிக உயர்ந்த பீதுருதாலகால மலையே 2,524 மீற்றர்தான். உயரத்தின் நோய் பெரும்பாலும் அதற்கு மேலேதான் தொடங்குகிறது. தொரோங் லாவின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதி. காற்றில் ஒட்சிசனின் வீதம் மாறுவதில்லை; காற்றே ஐதாகிவிடுவதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் பாதியாகிறது. இதற்கு உடம்பு பழகுவதற்கு நாட்கள் வேண்டும். தாம்போதியில் ஆயிரம் முறை நடந்தாலும் அந்த நாட்களில் ஒன்றைக்கூடச் சம்பாதிக்க முடியாது. உறுதியான உடற்கட்டுள்ள இளைஞர் விழுந்துவிட, மெதுவாக நடந்த முதியவர் நலமாகக் கடந்துபோவதும் அங்கே நடப்பதே.

வைத்தியர்கள் சொல்லும் கணக்கு எளியது. 3,000 மீற்றருக்கு மேலே, இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று அல்லது நான்கு நாட்களுக்கு ஒரு முறை ஒரே இடத்தில் மேலும் ஓர் இரவு தங்கவேண்டும். தலையிடி, பசியின்மை, சத்தி, தலைச்சுற்று, மிகுந்த களைப்பு ஆகியவை முதல் அறிகுறிகள். இவை உள்ளபோது மேலே ஏறலாகாது. மோசமானால் இரவென்றாலும் இறங்கவேண்டும். நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவதும், சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டுவதும் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோப்பதன் அடையாளங்கள். அப்போது மணித்தியாலங்களே கணக்கு. 1973 இல் தொடங்கப்பட்ட இமாலய மீட்புச் சங்கம் 3,540 மீற்றர் உயரத்திலுள்ள மனாங் கிராமத்தில் பருவகாலங்களில் ஒரு மருத்துவ நிலையத்தை நடத்துகிறது. அங்கே வைத்தியர்கள் இந்த நோயைப் பற்றி நடைப்பயணிகளுக்கு விளக்கவுரையும் ஆற்றுகிறார்கள். எங்கள் திட்டத்தில் அந்த உரையைக் கேட்பதும் ஒரு கடமை.

இனி எங்கள் இருவருக்கும் இடையில் எழுந்த வழக்குக்கு வருகிறேன்.

நண்பர் முப்பது ஆண்டுகளாக அல்ப்ஸ் மலைகளில் ஞாயிறுதோறும் நடப்பவர். உணவகமொன்றின் சமையலறையில் இன்னும் வேலை செய்கிறார். அவருக்குக் கிடைத்த விடுமுறை இரண்டு வாரம். பெசிசஹாரிலிருந்து மனாங் வரை இப்போது ஜீப் ஓடுகிறது. ஓரிரு நாட்களில் அங்கே போய்விட்டால் பதினொரு நாட்களில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்பது அவர் போட்ட திட்டம். நான் போட்டது பதினெட்டு நாள். அதுபோக, வழிகாட்டி வேண்டாம் என்பது அவருடைய பிடிவாதம்.

வழிகாட்டியைப் பற்றிச் சட்டமும் பேசுகிறது. 2023 ஏப்ரல் 1 முதல், தனியாக வரும் வெளிநாட்டு நடைப்பயணிகள் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை முகவர் நிறுவனம் ஊடாக அமர்த்தவேண்டும் என்று நேபாளச் சுற்றுலாச் சபை விதி செய்தது. எவரெஸ்ற் பக்கத்திலுள்ள கும்பு உள்ளூராட்சி அதனைத் தன் எல்லைக்குள் ஏற்கவில்லை. அன்னபூர்ணாவுக்கு அவ்வாறான விலக்கு இல்லை. நடைப்பயணிக்கான பதிவட்டைக்கு அந்த ஆண்டில் வைத்த கட்டணம் 2,000 நேபாள ரூபா. சார்க் நாட்டவருக்கு 1,000. அன்னபூர்ணா பாதுகாப்புப் பிரதேசத்தின் நுழைவு அனுமதி வேறு. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு ஆண்டின் முதல் 30 நாட்களுக்கு விசாக் கட்டணமும் இல்லை. சுவிஸ் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நண்பருக்கு எல்லாவற்றுக்கும் முழுக் கட்டணம். எங்கள் ஏழைக் கடவுச்சீட்டுக்கு வாய்த்த சலுகைகளுள் இதுவும் ஒன்று என்று சொல்லி அவரைச் சீண்டினேன்.

“முப்பது வருசமா மலை ஏறுறன் மச்சான். எனக்கென்னத்துக்கு வழிகாட்டி?” என்றார் தொலைபேசியில்.

பாதை காட்டுவதற்கு வழிகாட்டி தேவையில்லை என்பது உண்மையே. பாதை தெளிவானது, சில மணி நேரத்துக்கொரு விடுதி இருக்கிறது. ஆனால் நண்பருக்கு நீரிழிவு. நாளுக்கு இரு முறை இன்சுலின் ஏற்றுபவர். எனக்கு இரத்த அழுத்தம். இன்சுலின் உறைந்தால் பயனற்றுப்போகும். பகலில் அதை உடம்போடு ஒட்டிய சட்டைப்பைக்குள்ளும் இரவில் உறக்கப்பைக்குள்ளும் வைத்திருக்கவேண்டும். சர்க்கரை அளக்கும் கருவி கடுங்குளிரில் சரியாக வேலை செய்யாமற் போகலாம். எல்லாவற்றிலும் பெரிய சிக்கல், இரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் வரும் தள்ளாட்டமும் குழப்பமும் உயர நோயின் தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் ஒத்திருப்பதுதான். எது எது என்று பிரித்தறியவேண்டிய மூளைதான் அந்த உயரத்தில் முதலில் மங்கும் உறுப்பு. ஐதான காற்றில் இருக்கும் ஒருவன், தான் நலமாக இருப்பதாக முழு நம்பிக்கையோடு சொல்வான். இருவருமே மங்கிவிட்டால் முடிவெடுப்பது யார்?

இதை எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள் அவர் பேசியது வேறொரு விடயம். 1991 இல் ஊரைவிட்டுப் புறப்பட்டதைச் சொன்னார். கடல் கடந்து, காடு கடந்து, நாடுகள் கடந்து ஐரோப்பாவுக்குப் போன வழியெல்லாம் தமக்கு ஒரு நினைவுதான் இருந்தது என்றார். திரும்புவதற்கு இடமில்லை என்ற நினைவு.

“அகதியா வெளிக்கிட்டவன் திரும்பிற பிளான் போடுறதில்லை மச்சான். அதைப் போட்டிருந்தால் பாதி வழியிலேயே முடிஞ்சிருப்பன்.”

எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. இந்த மனிதருக்கு முன்னே போவதென்பது பழக்கம் மட்டுமல்ல. அவரை உயிரோடு வைத்திருந்ததே அதுதான். எங்கள் தலைமுறையில் இவ்வாறானவர் பலர். புங்குடுதீவில் பூட்டிய வீடுகளின் தொகையே அதற்குச் சாட்சி. ஆனால் அன்று அவருக்குத் திரும்பும் வழியை அடைத்தவர் வேறு மனிதர். இந்த மலையில் அதை அடைக்க எவருமில்லை, நாங்களே அடைத்தாலன்றி. இதை எப்படிச் சொல்வதென்று யோசித்திருக்கும்போது அவரே அப்பரை இழுத்தார். கயிலையைக் காணாமல் மீளேன் என்று, கால் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும் ஊர்ந்த திருநாவுக்கரசரைச் சின்ன வயதில் இருவரும் ஒரே வகுப்பில் படித்தோம்.

“அந்தக் கதையின்ர முடிவையும் சொல்லு” என்றேன். பெரியபுராணத்தின்படி அப்பர் கயிலாயத்தை ஏறி அடையவில்லை. இறைவனே அவரைப் பொய்கையில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றில் எழச்செய்தார். கயிலைக் காட்சி கிடைத்தது காவிரிக் கரையில். மீளேன் என்றவரையும் மீளச்செய்தே அருள் கிடைத்தது. நண்பர் சிரித்தார், வழக்கில் பாதி அங்கே தீர்ந்தது.

அண்மைக்கால உதாரணமொன்றையும் சொன்னேன். 2016 மே மாதத்தில் ஜயந்தி குரு-உதும்பால எவரெஸ்ற் உச்சியை அடைந்த முதல் இலங்கையரானார். அவரோடு சென்ற ஜொஹான் பீரிஸ், 8,400 மீற்றர் வரை ஏறிவிட்டு, ஒட்சிசன் கருவியின் கோளாறினால் திரும்பினார். இன்னும் சில நூறு மீற்றரே மிச்சம். திரும்பியதனால் உயிரோடிருந்தார், உயிரோடிருந்ததனால் 2018 இல் மீண்டும் போய் உச்சியில் நின்றார்.

மலை நூல்கள் சொல்லும் இந்தப் பாடம் எங்கள் ஊருக்குப் புதிதன்று. குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகக் காத்திருந்தவர்களுக்கு இது தெரியும். காற்றுக் கடுமையான நாட்களில் படகோட்டி கடலைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், “இண்டைக்கு இல்லை” என்பார். கையில் அர்ச்சனைத் தட்டோடு நிற்பவரும், கலியாண வீட்டுக்குப் போகவேண்டியவரும் முணுமுணுத்துக்கொண்டு திரும்புவார்கள். நடுக்கடலில் வைத்து அந்த முடிவை எடுக்க எவரும் விரும்புவதில்லை; கரையிலேயே எடுத்துவிடுவார்கள். ஆகவே எங்கள் முடிவுகளையும், மூளைக்கு முழுக் காற்று கிடைக்கும் இந்தத் தட்டை நிலத்திலேயே எடுத்து எழுதி வைப்பதென்று தீர்மானித்தோம்.

அந்தக் காகிதத்தில் ஐந்து விதிகள் இருக்கின்றன. தலையிடியோடு அடுத்த ஊருக்கு ஏறுவதில்லை. மனாங்கில் மூன்று இரவு தங்கியே மேலே போவது. வங்காள விரிகுடாவில் சூறாவளி என்று அறிவித்தால், வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும் மனாங்கைவிட்டு ஏறுவதில்லை. வழிகாட்டி போதும் என்றால் அதன் பிறகு வாதமில்லை. ஐந்தாவது விதியை எழுதியவர் நண்பர்: ஒருவர் திரும்பினால் இருவரும் திரும்புவது. அந்த வரிக்குக் கீழே இருவரும் கையெழுத்திட்டோம். வழிகாட்டிக்கு ஒரு பிரதி, வீடுகளுக்கு ஒவ்வொரு பிரதி.

நண்பர் சம்பளமில்லாத விடுமுறை எடுத்து நாட்களைப் பதினெட்டாக்கிக்கொண்டார். அது அவருக்குச் சிறிய செலவன்று. ஜீப் பயணத்தையும் குறைத்து, கீழேயுள்ள ஊர்களிலிருந்தே நடக்கப்போகிறோம். இருவரும் ட்ரெட்மில் இருதயப் பரிசோதனை செய்து முடித்தோம். உயர நோய்க்கு முன்கூட்டியே எடுக்கும் குளிசையைப் பற்றி அவரவர் வைத்தியரிடம் கேட்டோம்; மற்றவர் சொன்னாரென்று விழுங்கவேண்டிய மருந்தல்ல அது. கோவிட் காலத்தில் வீட்டுக்கு வந்த, விரலில் மாட்டி ஒட்சிசன் அளக்கும் கருவியும் பைக்குள் போகிறது. ஆனால் அதன் இலக்கத்தைவிடத் தலையிடியின் சொல்லுக்கே மதிப்பு.

காப்புறுதியையும் வரிவரியாகப் படித்தேன். சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பல ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லுபடியாகா. உயர எல்லை 6,000 மீற்றர் என்றும் ஹெலிகொப்டர் மீட்பு அடங்கும் என்றும் எழுத்தில் இருந்தால்தான் எங்கள் பயணத்துக்குப் பொருந்தும். கம்பளி உடுப்பும் கையுறையும் சேர்த்தாயிற்று. கனத்த உறக்கப்பையைக் காத்மண்டுவின் தமேல் கடைகளில் வாடகைக்கு எடுக்கலாம். மலையூர்களில் பண இயந்திரத்தை நம்பாமல் நேபாள ரூபாவைக் கையில் கொண்டுபோகவேண்டும்.

மனைவிக்கு இந்தப் பயணத்தில் இன்னும் முழுச் சம்மதமில்லை. ஐந்து விதிகளையும் இரண்டு முறை வாசித்தார். பிறகு, “இதிலை இருக்கிற மாதிரி நடப்பியளோ?” என்று மட்டும் கேட்டார். நடப்போம் என்றேன். அவருடைய பிரதி இப்போது சாமியறையில் விநாயகர் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

ஒக்டோபர் முதல் வாரத்தில் புறப்படுகிறோம். நாள் மாற்றத்தக்க விமானச் சீட்டு எடுத்ததில் சற்றுக் கூடுதலாகச் செலவாயிற்று. அந்தச் செலவும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே. கணவாயைக் கடந்தால் முக்திநாத்தின் 108 நீர்த்தாரைகளிலும் தலை நனைப்போம். கடக்க முடியாவிட்டால் வந்த வழியே மனாங்குக்கு இறங்கி, ஒரு தட்டுப் பருப்பும் சோறும் தின்றுவிட்டு ஊருக்கு வருவோம். நண்பர் இந்த முறை சுவிசுக்கு நேரே போகவில்லை. மலையிலிருந்து என்னோடு புங்குடுதீவுக்கு வந்து ஒரு வாரம் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய பூட்டிய வீட்டின் திறப்பு அயல்வீட்டில் இருக்கிறது. முற்றத்தைத் துப்புரவாக்க ஆள் பிடித்திருக்கிறேன்.